பப் மூடிவிட்டது, அதன் முற்றத்து முடுக்கு யாருடையது?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வட இங்கிலாந்தில் ஒரு சிறு நகரம். கடைத்தெருவில் நூறாண்டுகளுக்கு மேல் இருந்த ஒரு பப் மூடப்பட்டது. அதன் வளைவு வாசலுக்குள் நுழைந்து, கல் பாவிய முற்றத்தைக் கடந்து, பின்தெருவில் போய்ச் சேரும் வழி ஒன்று இருந்தது. கட்டடத்தை வாங்கியவர் இரண்டு முனையிலும் இரும்புக் கதவு போட்டுப் பூட்டிவிட்டார். "நினைவு தெரிந்த நாள் முதல் நடந்த வழி" என்கிறார்கள் ஊர்ப் பெரியவர்கள். கவுன்சில் வைத்திருக்கும் வரைபடத்தில் அப்படி ஒரு வழியே இல்லை. வரைபடத்தில் இல்லாத வழிக்கு உரிமை இருக்க முடியுமா? பெரியவர்களின் நினைவு எங்காவது செல்லுபடியாகுமா?

இரண்டுக்கும் பதில் ஆம். இங்கிலாந்தில் ஒரு வழி பொதுவழி ஆவதற்கு அரசாங்கம் கையெழுத்துப் போட வேண்டும் என்பதில்லை. மக்கள் நடந்தே அதைப் பொதுவழி ஆக்கிவிட முடியும். நடந்தவர்கள் வந்து சொல்வது சான்று. ஆனால் எந்த நினைவு, யாருடைய நினைவு என்பதில் ஒரு நுட்பம் இருக்கிறது. பப் முற்றங்களில் அந்த நுட்பம் மிகவும் கூர்மையானது. அதை விளக்கத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான் நெல்லைப் பக்கத்துக்காரன். முப்பது ஆண்டுகளாக யார்க்ஷயரில் இருக்கிறேன். இரண்டு சுவர்களுக்கு நடுவே ஓடும் ஒடுங்கிய வழியை எங்கள் ஊரில் முடுக்கு என்போம். இங்கே அதற்கு ஜின்னல், ஸ்னிக்கெட் என்று பெயர். சசெக்ஸில் ட்விட்டன், லெஸ்டர் பக்கம் ஜிட்டி, நாட்டிங்ஹாமில் ட்விட்சல், ஷ்ரூஸ்பரியில் ஷட். ஒரு பொருளுக்கு ஊருக்கு ஒரு சொல் இருக்கிறது என்றால், அது எத்தனை பேருடைய அன்றாடத்தில் கலந்திருந்தது என்று பாருங்கள். இந்தப் பதிலில் முடுக்கு என்றே எழுதுகிறேன்.

பப்புக்கும் முடுக்குக்கும் உள்ள உறவு தற்செயலானது அல்ல. பழைய ஆங்கிலக் கடைத்தெருக்களில் மனைகளின் முகப்பு குறுகலாக இருக்கும், நீளம் மிக அதிகமாக இருக்கும். லீட்ஸ் நகரின் பிரிகேட் தெரு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1207-இல் அந்த ஊருக்குக் கிடைத்த சாசனத்தோடு அந்த மனைகளின் கதை தொடங்குகிறது. முன்பக்கம் கடை அல்லது விடுதி, ஓரத்தில் உள்ளே போக ஒரு வழி, பின்னால் லாயமும் கிடங்கும் பட்டறையும். கோச்சு வண்டிகள் ஓடிய காலத்தில் விடுதிக்கு வண்டி நுழையும் அளவுக்கு வளைவு வாசல் தேவைப்பட்டது. சில இடங்களில் உள்ளே வண்டியைத் திருப்ப இடம் இல்லாமல், பின்தெரு வழியாக வெளியேறும்படி இன்னொரு வாசலும் வைத்தார்கள். வண்டி போகும் வழியில் மனிதர் போகாமல் இருப்பாரா? சந்தைக்கும் கோயிலுக்கும் ஆற்றங்கரைக்கும் அதுவே குறுக்கு வழி ஆயிற்று.

1830-களிலும் 1840-களிலும் ரயில் வந்து கோச்சு வண்டிகளை ஓய்த்துவிட்டது. குதிரை போன லாயங்களில் குடித்தனங்கள் வந்தன. பெரிய விடுதி சிறிய பப்பாகச் சுருங்கியது. முற்றத்து வழி மட்டும் மாறாமல் கிடந்தது. லண்டனில் தேம்ஸ் ஆற்றுக்குத் தெற்கே பரோ ஹை ஸ்ட்ரீட்டில் நடந்து பாருங்கள். 1676-ஆம் ஆண்டுத் தீ விபத்துக்குப் பிறகு 1677-இல் மீண்டும் கட்டிய ஜார்ஜ் விடுதியின் ஒரு பக்கம் இன்றும் நிற்கிறது. அக்கம்பக்கத்தில் ஒயிட் ஹார்ட் யார்டு, டால்பட் யார்டு, கிங்ஸ் ஹெட் யார்டு என்று முடுக்குகள். விடுதிகள் போய்விட்டன, அவற்றின் பெயரை அவற்றின் வழிகள் தாங்கிக்கொண்டிருக்கின்றன. நம்மவர்கள் தினமும் ரயிலில் கடக்கும் ஏஞ்சல், எலிஃபன்ட் அண்ட் காசில், மேனர் ஹவுஸ், சுவிஸ் காட்டேஜ், ராயல் ஓக் எல்லாமே விடுதிகளின் பெயர்கள்தான்.

லீட்ஸில் வேறு விதமான மறைவு நடந்தது. தார்ன்டன்ஸ் ஆர்கேட் 1878-இல் பழைய டால்பட் விடுதியின் முற்றத்தின்மேல் எழுந்தது. குயின்ஸ் ஆர்கேட் 1889-இல் ரோஸ் அண்ட் கிரவுன் முற்றத்தின்மேல் எழுந்தது. முற்றத்து வழியே அங்காடியின் நடைவழி ஆனது. மேலே கண்ணாடிக் கூரை, இருபுறமும் அலங்காரக் கடைகள், இரவில் பூட்டும் கதவு. கால் நடக்கும் கோடு அதேதான், ஆனால் நடப்பவர் இப்போது வாடிக்கையாளர். அதே பிரிகேட்டில் டர்க்ஸ் ஹெட் யார்டு என்ற முடுக்குக்குள் 1715-இல் தொடங்கிய பப் ஒன்று இன்றும் இருக்கிறது. இப்போது அதன் பெயர் விட்லாக்ஸ். பழைய பிரிகேட் எப்படி இருந்தது என்று யார் கேட்டாலும் நான் அவர்களை அங்கேதான் அழைத்துப் போகிறேன். கேம்பிரிட்ஜில் இதுவும் மிஞ்சவில்லை. 1970-களில் பெட்டி க்யூரி தெருவின் தென்புறத்தை இடித்து, விடுதி முற்றங்களைத் துடைத்துவிட்டு, லயன் யார்டு என்ற வணிக வளாகம் கட்டினார்கள். பெயரில் இருப்பது அங்கே இருந்த ரெட் லயன் விடுதியின் சிங்கம்.

இப்படி மறைந்த வழிகள் ஏன் வரைபடத்தில் ஏறவில்லை என்பதுதான் உங்கள் கேள்வியின் முதல் பாதி. 1949-இல் வந்த தேசியப் பூங்காக்கள் மற்றும் நாட்டுப்புற அணுகல் சட்டம், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் உள்ள பொதுவழிகளை அளந்து அறுதி வரைபடம் தயாரிக்கும்படி கவுண்டி கவுன்சில்களுக்குக் கட்டளையிட்டது. சட்டம் செய்தவர்களின் மனத்தில் இருந்தவை வயலும் குன்றும். கட்டடங்கள் நெருங்கிய பகுதிகளைக் கணக்கெடுப்பிலிருந்து விலக்கிவைக்கக் கவுன்சில்களுக்கு அனுமதி இருந்தது. லண்டனின் உட்பகுதி இந்தக் கடமையிலிருந்து முழுவதுமாகவே விலக்கப்பட்டது, இன்றும் அப்படித்தான். நகரத்து முடுக்குகளுக்கு எந்த ஆபத்தும் வராது, எல்லோரும் நடக்கிறார்களே என்று அப்போது தோன்றியிருக்கலாம். பிறகு 1960-களிலும் 1970-களிலும் நகர மையங்களை இடித்துக் கட்டும் அலை வந்தது. எழுத்தில் இல்லாத வழியை இடிப்பவர் கணக்கில் எடுக்கவில்லை.

ஆனால் அறுதி வரைபடத்தின் தன்மையைச் சரியாகப் புரிந்துகொள்ளுங்கள். அதில் இருக்கும் வழி இருக்கிறது என்பதற்கு அது முடிவான சான்று. அதில் இல்லாத வழி இல்லை என்பதற்கு அது சான்று அல்ல. "ஒருமுறை பொதுவழி என்றால் என்றும் பொதுவழி" என்பது இந்த நாட்டின் பொதுச்சட்டத்தில், அதாவது நீதிமன்றத் தீர்ப்புகளால் வளர்ந்த சட்டத்தில், ஒரு பழைய கொள்கை. முறையான ஆணை பிறப்பித்து மூடினால் ஒழிய, புல் முளைத்தாலும் கதவு போட்டாலும் உரிமை சாகாது. நடையர்களின் சங்கமான ராம்ப்ளர்ஸ் 2020-இல் பழைய வரைபடங்களை இன்றைய வரைபடங்களோடு ஒப்பிட்டு, பதிவாகாமல் போன வழிகள் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 49,000 மைலுக்கு மேல் இருக்கலாம் என்று கண்டது. பதிவாகிய வழிகளே சுமார் 1,40,000 மைல்தான். 1949-க்கு முற்பட்ட வழிகளைச் சேர்க்க 2026 சனவரி 1 கடைசி நாள் என்று 2000-ஆம் ஆண்டுச் சட்டம் கெடு வைத்தது; அதைப் பிறகு 2031-க்குத் தள்ளினார்கள்; 2024 இறுதியில் அந்தக் கெடுவையே நீக்கப்போவதாக அரசு அறிவித்தது. அந்த அறிவிப்பை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். காகிதம் காத்திருக்கும், சாட்சிகள் காத்திருக்க மாட்டார்கள்.

வழிகளை மூடுவதில் இந்த நாட்டுக்கு நீண்ட அனுபவம் உண்டு. 1815-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, தேவையற்றது என்று இரண்டு மாஜிஸ்திரேட்டுகள் கருதினாலே ஒரு வழியை மூடலாம் என்று சொன்னது. மாஜிஸ்திரேட்டுகள் பெரும்பாலும் அந்தந்த வட்டார நிலவுடைமையாளர்கள். அதை எதிர்த்து மான்செஸ்டரில் 1826-இல் பழைய நடைவழிகளைக் காக்கும் சங்கம் பிறந்தது. 1552 முதல் மதுவிடுதிகளுக்கு உரிமம் கொடுத்ததும் இதே மாஜிஸ்திரேட்டுகள்தான். ஊரில் யார் எங்கே குடிக்கலாம், யார் எங்கே நடக்கலாம் என்ற இரண்டையும் ஒரே மேசை தீர்மானித்தது. பொதுநிலங்களை வேலியிட்டுப் பிரித்த காலத்தில் ஆணையர்கள் கூட்டம் நடத்தியதும் விடுதி அறைகளில்தான். எந்தப் பாதை இருக்கும், எது போகும் என்று அங்கே முடிவாயிற்று. ஆகவே பப்பும் பாதையும் ஒன்றாக மறைவதைப் பார்க்கும்போது, இரண்டு தனி இழப்புகளாக எனக்குத் தோன்றுவதில்லை.

பப்புகள் ஏன் மூடுகின்றன என்பதைப் பலரும் எழுதிவிட்டார்கள். மலிவான கடைப் பீர், வாடகை, 2007-இல் வந்த புகைத் தடை, எல்லாவற்றுக்கும் மேல் மனையின் விலை. 2008-இல் 50,000 அளவில் இருந்தவை பத்தே ஆண்டில் 39,000 ஆயின என்று பிரிட்டனின் தேசியப் புள்ளியியல் அலுவலகம் கணக்கிட்டது. உங்கள் கேள்விக்கு முக்கியமானது அதன் விளைவு. பப் மூடும்போது சாட்சிகள் கூடும் இடமும் மூடுகிறது. டாமினோ மேசையில் தினமும் சந்தித்த பத்துப் பேர், மூடிய மறுமாதமே பத்து வீடுகளில் தனித்தனியாக உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவர் மறந்ததை இன்னொருவர் எடுத்துக்கொடுக்க ஆள் இல்லை.

இனிச் சட்டம். 1980-ஆம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டத்தின் 31-ஆம் பிரிவு: பொதுமக்கள் ஒரு வழியை இருபது ஆண்டுகள் இடையறாமல் உரிமையோடு பயன்படுத்தியிருந்தால், நில உரிமையாளர் அதைப் பொதுவுக்கு விட்டுக்கொடுத்ததாகக் கருதப்படும். அந்த இருபது ஆண்டுகளை, உரிமை கேள்விக்குள்ளான நாளிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். உங்கள் ஊரில் அது கதவு பூட்டப்பட்ட நாள். எனவே முதலில் அந்த நாளை உறுதி செய்யுங்கள். ஒரு புகைப்படமோ பத்திரிகைச் செய்தியோ போதும். நம் ஊர்ப் பத்திரங்களில் "வண்டிப்பாதை, நடைபாதை பாத்தியம் உள்பட" என்று எழுதுவார்களே, அதோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அந்தப் பாத்தியம் ஒரு மனைக்காரருக்கு இன்னொரு மனையின்மேல் உள்ளது. இது வழிப்போக்கர் எவருக்கும் உள்ள உரிமை.

"உரிமையோடு" என்ற சொல்தான் நான் முதலில் சொன்ன நுட்பம். பலவந்தமாக நடந்திருக்கக் கூடாது, ஒளிந்து நடந்திருக்கக் கூடாது, அனுமதி பெற்றும் நடந்திருக்கக் கூடாது. மூன்றாவதைக் கேட்டதும் பலர் திகைப்பார்கள். அனுமதி பெற்று நடப்பது நல்லதுதானே என்பார்கள். அனுமதி என்றால் கொடுத்தவர் திரும்பப் பெறலாம். அங்கே உரிமை வளராது. உரிமையாளர் பார்த்தும் பேசாமல் இருந்தால் அது அனுமதி அல்ல, அது உங்களுக்குச் சாதகம். ஆனால் பப் என்பது வருக வருக என்று கதவைத் திறந்து வைத்திருக்கும் இடம். குடிக்க வந்தவர் முற்றத்தில் கால் வைத்தது அந்த அழைப்பின் பேரில். அவர் ஐம்பது ஆண்டுகள் தினமும் நடந்திருந்தாலும் அவருடைய நடை பொதுவழிக் கணக்கில் சேராது. பப்புக்கு நடந்தவரை விட்டுவிட்டு, பப்பைக் கடந்து நடந்தவரைத் தேட வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் இதைப் போன்ற ஒரு மனுவுக்காக நான் சாட்சியம் திரட்டியபோது இந்தப் பாடம் எனக்குக் கையில் கிடைத்தது. நூலக அறையில் எட்டுப் பெரியவர்கள் வந்து உட்கார்ந்தார்கள். ஏழு பேர் ஆண்கள், அந்தப் பப்பின் பழைய வாடிக்கையாளர்கள். என்ன அருமையான நினைவுகள்! பீர் வண்டியை இழுத்து வந்த பெரிய குதிரைகளுக்கு முற்றத்து மூலையில் தண்ணீர்த் தொட்டி. பீப்பாய்களை நிலவறைக்குள் உருட்டிவிடும் தரைக்கதவு. முடுக்கின் பக்கம் திறக்கும் ஒரு சின்ன சன்னல்; வீட்டுக்கு வாங்கிப் போகிறவர்கள் கூஜாவோடு அங்கே நிற்பார்கள். ஒருவருடைய பாட்டி, தான் சிறுமியாக இருந்தபோது தன் தந்தைக்காகக் கூஜாவில் வாங்கி வந்ததைச் சொல்லியிருந்தாராம். 1901-இல் வந்த சட்டம், பதினான்கு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளிடம் முத்திரையிட்ட பாட்டிலில் மட்டுமே கொடுக்கலாம் என்று அந்தப் பழக்கத்தை நிறுத்தியது. இரண்டு மணி நேரம் எழுதினேன். திரும்பி வந்து படித்துப் பார்த்தபோது, வழக்குக்கு உதவும் வரி நான்கைந்துகூட இல்லை. எல்லோரும் பப்புக்கு வந்தவர்கள்.

அதன் பிறகுதான் கேள்வியை மாற்றக் கற்றுக்கொண்டேன். நீங்கள் கேட்க வேண்டியது: பப் மூடியிருந்த நேரத்தில் அந்த வழியே நடந்தீர்களா? முதல் உலகப் போரின்போது 1915-இல் பப்புகளைப் பிற்பகலில் மூடும் விதி வந்தது. இங்கிலாந்தில் அது 1988 வரை நீடித்தது. மதியத்துக்கும் மாலைக்கும் இடைப்பட்ட அந்த மணிகளில் முற்றத்தைக் கடந்தவர் யாராயினும் அவர் குடிக்க வந்தவர் அல்லர். பள்ளிக்கூடப் பிள்ளைகள் காலை எட்டரைக்கு ஓடியது, பால்காரர் விடியலில் கடந்தது, பிற்பகலில் துணி வெளுப்பகத்துக்கு மூட்டையோடு போனது, இவையெல்லாம் பொன். இருபது ஆண்டுக் கணக்குக்கு முந்திய நினைவாக இருந்தாலும் எழுதி வாங்குங்கள். அந்த வழி எவ்வளவு பழையது என்று பொதுச்சட்டத்தின் கீழ் வாதிட அது தோள் கொடுக்கும்.

எதிர்ச்சான்றையும் மறைக்காமல் கேட்டு எழுதுங்கள். "வாடிக்கையாளர்களுக்கு மட்டும்" என்று பலகை இருந்ததா? ஆண்டுக்கு ஒரு நாளாவது கதவைப் பூட்டினார்களா? பொதுவழி உண்டாகிவிடக் கூடாது என்பதற்காகவே சில உரிமையாளர்கள் அப்படிப் பூட்டுவது உண்டு. யாரையாவது திருப்பி அனுப்பினார்களா? இது பின்னால் விசாரணையில் வெளிவந்தால் மற்ற சாட்சியத்தின் மதிப்பும் குறைந்துவிடும்.

நினைவுக்குத் துணையாகக் காகிதம் தேடும்போது பப் ஒரு வரம், ஏனென்றால் உரிமம் பெற்ற கட்டடத்தைப் பற்றி அரசு நிறைய எழுதி வைத்திருக்கும். 1910-ஆம் ஆண்டு நிதிச் சட்டத்தின்படி நாடு முழுவதும் நிலங்களுக்கு மதிப்பிட்டார்கள். பொதுவழி ஓடும் நிலத்துக்கு மதிப்பில் கழிவு உண்டு. லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக்காப்பகத்தில் அந்த மதிப்பீட்டுப் புத்தகங்கள் இருக்கின்றன. உங்கள் பப்புக்குரிய பக்கத்தில் அப்படிக் கழிவு எழுதியிருந்தால், அன்றைய உரிமையாளர் தரப்பே ஒப்புக்கொண்டதற்குச் சமம். கட்டடத்தை மாற்றிக் கட்ட மாஜிஸ்திரேட்டுகளிடம் கொடுத்த வரைபடங்கள் கவுண்டி ஆவணக்காப்பகத்தில் இருக்கலாம். கதவு எங்கே, வழி எங்கே என்று அவற்றில் தெரியும். நகர மையம் என்றால் தீக்காப்பீட்டு நிறுவனங்களுக்காக 1880-களிலிருந்து கோட் நிறுவனம் வரைந்த வரைபடங்களையும் கேளுங்கள். நாட்டின் அரசு வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் வரைபடத்தில் கோடு இருந்தால் வழி கண்ணுக்குத் தெரிந்தது என்று மட்டுமே பொருள்; உரிமைக்கு அது சான்றல்ல என்று அந்த வரைபடமே சொல்லும்.

எல்லாம் சேர்ந்ததும், 1981-ஆம் ஆண்டு வனவுயிர் மற்றும் நாட்டுப்புறச் சட்டத்தின் கீழ் வரைபடத்தைத் திருத்தும்படி கவுன்சிலுக்கு மனுச் செய்யலாம். கட்டணம் இல்லை. பன்னிரண்டு மாதத்தில் முடிவு வராவிட்டால் மேலே முறையிட்டு, முடிவெடுக்கும்படி ஆணை பெறலாம்.

அந்த எட்டாவது ஆளைப் பற்றிச் சொல்லவில்லையே. எண்பத்தைந்து வயது மதிக்கத்தக்க அம்மையார். ஏழு பேரும் பேசி முடிக்கும்வரை கையில் கைப்பையைப் பிடித்தபடி அமைதியாக இருந்தார். அவர் மெதடிஸ்ட் குடும்பம். சிறுவயதில் மதுவைத் தொடுவதில்லை என்று பேண்ட் ஆஃப் ஹோப் இயக்கத்தில் உறுதிமொழி எடுத்தவர். 1847-இல் லீட்ஸில் தொடங்கிய இயக்கம் அது. "அந்த வீட்டுக்குள் நான் ஒருநாளும் கால் வைத்ததில்லை. என்னிடம் கேட்டு உங்களுக்கு என்ன பயன்?" என்றார். முற்றத்தைக் கடந்திருக்கிறீர்களா என்று கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை இரண்டு தடவை, தேவாலயத்துக்கும் ஞாயிறு பள்ளிக்கும், கல்யாணமான பிறகு குழந்தை வண்டியோடு, பிறகு பேரப்பிள்ளைகளோடு. யாரிடமும் கேட்டதில்லை, யாரும் தடுத்ததில்லை. பப்பை நடத்தியவர் வாசலில் நின்றால் தொப்பியைத் தொட்டு வணக்கம் சொல்வாராம்.

சாட்சியப் படிவத்தில் வழியின் அகலம் எவ்வளவு என்று ஒரு கேள்வி இருக்கும். மற்ற ஏழு பேரும் ஆறடி, எட்டடி என்று ஆளுக்கொன்று சொல்லியிருந்தார்கள். அவர் கொஞ்சம் யோசித்தார். வளைவுக்குக் கீழே இரண்டு குழந்தை வண்டிகள் எதிரெதிராக வந்தால் ஒன்று நின்றாக வேண்டும் என்றார். பீப்பாய் இறக்கும் தரைக்கதவின்மேல் சக்கரம் ஏறினால் சத்தத்தில் குழந்தை விழித்துவிடும், அதனால் எப்போதும் இடப்பக்கச் சுவரை ஒட்டியே தள்ளுவேன் என்றார். அதை அப்படியே எழுதி, வரைபடத்தில் இடப்பக்கச் சுவரோரம் அவர் கையாலேயே கோடு போடச் சொன்னேன்.